காயமில்லாத முகம்

போன வாரம் ராணி கதாசிரியரின் காலில் விழுந்தாள். நாம் அவளை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டோம். பாவம், எழுந்தாளா இல்லையா என்று கேட்பவர்களுக்கு: எழுந்தாள். முட்டியில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு, "சாரி சார்" என்று சொல்லிவிட்டு, போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாள்.

ராணி என்றால் நாடாளும் ராணி இல்லை. 'ஏழாம் கோட்டை' என்கிற மாயாஜாலத் தொடரில், பாதாளச் சிறையில் கிடந்து வாரம் தவறாமல் அடி வாங்குகிற ராணியாக நடிப்பவள். சூனியக்கார ராஜா அவளை அடிப்பான், சங்கிலியால் கட்டுவான், சுவரில் மோதுவான். பார்க்கிற ஜனம் கண்ணீர் விடும். இப்போது ஜனத்துக்கு அடி சலித்துவிட்டதாம். அதனால் கதை ஒரே தாவலில் பன்னிரண்டு வருஷம் தாண்டப்போகிறது. ராணி சிறையை உடைத்துக்கொண்டு, காயமில்லாத முகத்தோடு, வீராங்கனையாகத் திரும்பி வருவாள் என்று முடிவாகிவிட்டது. அதைக் கேட்டுத்தான் அவள், "வேண்டாம் சார், நான் சிறையிலயே கிடக்கறேன். வேணும்னா இன்னும் நாலு அடி சேர்த்து வாங்கிக்கறேன்" என்று காலில் விழுந்தாள். விடுதலை வேண்டாம் என்கிற கைதியை யாராவது பார்த்ததுண்டா? செட் முழுக்கச் சிரித்தது.

பஞ்சுவும் சிரித்தாள். இப்போது அதை நினைத்தால் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. ஆனால் அது இன்றைக்கு நடுப்பகலில் வந்த புத்தி; காலையில் அவளுக்கு ஒன்றும் தெரியாது.

பஞ்சு, ராணிக்கு நாத்தனார். ராணியின் புருஷன் பஞ்சுவின் கூடப்பிறந்த அண்ணன். தொடரின் சண்டை மாஸ்டரும் அவன்தான். பஞ்சுவின் வேலை, முகத்தில் காயம் வரைவது. எந்நேரமும் கையில் பஞ்சோடு திரிவதால் செட்டில் அந்தப் பெயர் விழுந்துவிட்டது. அண்ணனுக்கு மட்டும் அவள் இன்னும் 'பாப்பா'. புருஷன் அடியைச் சொல்லிக்கொடுக்கிறான், பெண்டாட்டி வாங்கிக்கொள்கிறாள், தங்கச்சி காயம் போடுகிறாள். "நல்ல குடும்பத் தொழில்" என்று லைட்காரர்கள் கிண்டல் செய்வார்கள். மூன்று பேரும் சேர்ந்து சிரிப்பார்கள்.

இன்று காலை வீட்டில் டீவி அலறிக்கொண்டிருந்தது. தொடரின் நேற்றைய பகுதியை மறுபடி போட்டிருந்தார்கள். அம்மா அதற்கு எதிரே சோபாவில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"கட்டையில போறவன்! எப்படி அடிக்கிறான் பாரு. இவன் கை விளங்குமா?" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவளுக்குப் பின்னால் நின்று அதே ராணி டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். கழுத்தையும் கன்னத்தையும் சேர்த்து ஒரு துப்பட்டாவைச் சுற்றியிருந்தாள்.

"அத்தை, டீ ஆறுது."

"வெச்சிட்டுப் போ." அம்மா திரும்பவில்லை.

"அம்மா, நீ யாருக்காக அழறியோ அவங்க உன் பின்னாடிதான் நிக்கிறாங்க" என்றாள் பஞ்சு. "அந்த அழுகையில கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி அழேன்."

நகைச்சுவைக்குச் சிரிக்கிற அம்மாதான். இன்றைக்குச் சிரிக்கவில்லை. ரிமோட்டை எடுத்து சத்தத்தை இன்னும் கூட்டினாள். அம்மாவுக்குக் காது மந்தமாகிக்கொண்டு வருகிறது என்று பஞ்சு நினைத்துக்கொண்டாள். சில ராத்திரிகளில் மாடி அறைவரை இந்த டீவி சத்தம் வந்து அவள் தூக்கத்தைக் கெடுப்பதுண்டு. காட்டியாக வேண்டும் ஒரு டாக்டரிடம்.

"கிளம்பலாமா மகாராணி?" அண்ணன் கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே வந்தான். குளித்து, சட்டையை இஸ்திரி போட்டு, மாப்பிள்ளை மாதிரி இருந்தான். "இன்னியோட சிறைவாசம் முடிஞ்சுது. முகத்தைத் தூக்கி வெச்சுக்காம வா."

ராணி வந்தாள். பஞ்சு பின் சீட்டில் ஏறினாள். அந்தக் காரில் பின் கதவுகள் உள்ளேயிருந்து திறக்காது. அண்ணன்தான் இறங்கி வந்து திறந்துவிட வேண்டும். ரிப்பேர் பண்ணணும் பண்ணணும் என்று அவனும் சொல்லிக்கொண்டே இருக்கிறான். வழியெல்லாம் அவன்தான் பேசினான். ராணி ஜன்னல் பக்கம் பார்த்தபடி, கேட்டதற்கு மட்டும் "ம்" கொட்டினாள்.

இந்த இடத்தில் அண்ணனைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அவனைப் பிடிக்காதவர்கள் அந்த ஸ்டூடியோவில் கிடையாது. கை படாமல் அறைவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. அறை விழும் குளோசப்பில் ராஜா வேஷம் போடுகிற நடிகரின் கை வராது; அண்ணனின் கைதான், ராஜாவின் மோதிரங்களைப் போட்டுக்கொண்டு வரும். முகத்துக்கும் உள்ளங்கைக்கும் நடுவே ஒரு காகிதம் போகிற இடைவெளி விட்டு நிறுத்துவான். இத்தனை வருஷத்தில் அவன் செட்டில் ஒருத்தருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. அப்பா போன பிறகு பஞ்சுவைப் படிக்க வைத்ததும், மேக்கப் பயிற்சிக்கு அனுப்பியதும், இந்த வேலையில் சேர்த்துவிட்டதும் அவன்தான். அண்ணன் என்றால் அவளுக்கு உயிர். அதை மறைத்துக் கதை சொல்வதில் நியாயமில்லை.

மேக்கப் அறையில் ராணி கண்ணாடி முன்னால் உட்கார்ந்தாள். துப்பட்டாவை எடுக்கவில்லை.

"அண்ணி, அதை எடுங்க. இன்னிக்கு என் வேலை பாதி குறைஞ்சுது. வெறும் முகம் போதும்" என்றாள் பஞ்சு.

ராணி துப்பட்டாவை மெதுவாக அவிழ்த்தாள். இடது தாடையோரம், காதுக்குக் கீழே, கருநீலமாக ஒரு திட்டு.

"ஐயோ, நேத்து போட்டதைக் கழுவவே இல்லையா? இதோட தூங்கினா தோல் என்னத்துக்கு ஆகும்?" பஞ்சு எண்ணெயில் பஞ்சைத் தோய்த்துத் தேய்த்தாள். போகவில்லை. "என்ன இது, இப்படிப் பிடிச்சுக்கிச்சு?" இன்னும் அழுத்தித் தேய்த்தாள். கண்ணாடியில் ராணியின் கண்ணில் நீர் நிறைந்து வழிந்தது. வாயிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

பஞ்சு தன் கையிலிருந்த பஞ்சைப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது.

நேற்று எந்தப் பக்கம் காயம் போட்டோம்? வலது புருவத்தில் ஒன்று, உதட்டோரம் ஒன்று. தாடையில் போடவே இல்லை. கை தானாகப் போனை எடுத்தது. ஒவ்வொரு நாளும் ஷூட்டிங் முடிந்ததும் முகத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது அவள் வேலையில் ஒரு பாகம். மறுநாள் அதே இடத்தில், அதே நிறத்தில், அதே அளவில் காயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பார்க்கிறவர்கள் கண்டுபிடித்து மானத்தை வாங்கிவிடுவார்கள். படங்களைத் தள்ளிக்கொண்டே போனவள் ஒன்றில் நின்றாள். கழுத்தெலும்புக்கு மேலே வரிசையாக விரல் அளவுத் தடங்கள்.

"இது, நான் காய்ச்சல்ல லீவு போட்டப்போ எடுத்தது" என்றாள் மெதுவாக. "அசிஸ்டென்ட் பொண்ணு போட்டிருக்கான்னு நினைச்சேன். ரொம்ப நல்லா போட்டிருக்காளேன்னு பாராட்டிட்டு, மறுநாள்லேர்ந்து நானும் அதைப் பார்த்துப் பார்த்து..."

"அவ போடல" என்றாள் ராணி.

"அண்ணி..."

"நீ அச்சு அசலா போட்டே பஞ்சு. அது ஆறிப்போனப்புறமும் போட்டுக்கிட்டே இருந்தே. சில நாள் கண்ணாடியில பாக்கறப்போ எது நீ வரைஞ்சது, எது நிஜம்னு எனக்கே தெரியாது."

ஒரு மாதம் முழுக்க, தினமும் காலையில், நாக்கைத் துருத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பஞ்சு அந்த விரல் தடங்களை வரைந்திருக்கிறாள். சரியாக வந்திருக்கிறதா என்று படத்தோடு ஒத்துப் பார்த்திருக்கிறாள். யாருடைய விரல்கள் என்று கேட்கத் தேவையில்லை. இருந்தாலும் கேட்டாள். வேறு யார் பெயராவது வந்துவிடாதா என்று ஒரு நப்பாசை.

"யாரு அண்ணி?"

"கேக்காதே. நீ அவர் தங்கச்சி."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

ராணி கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். "உங்க அம்மாவுக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றாள்.

டீவி சத்தம் மாடிவரை வந்து தூக்கத்தைக் கெடுத்த ராத்திரிகள் எல்லாம் ஒவ்வொன்றாகப் பஞ்சுவுக்கு நினைவு வந்தன. சத்தம் தாங்காமல் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு படுத்திருந்தாளே, அந்த ராத்திரிகள். வேறொரு சத்தம் மேலே வரக் கூடாதென்று கூட்டி வைத்த சத்தம் அது. அவமானமாக இருந்தது. அழக்கூடத் தோன்றவில்லை.

"அதனாலதான் டைம் ஜம்ப் வேண்டாம்னீங்களா?"

"சிறையில கிடந்தா முகத்துல என்ன இருந்தாலும் யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. இப்போ வெறும் முகம். எங்க கொண்டு போய் வைப்பேன்?" ராணி துப்பட்டாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "தெரிஞ்சா வேற ஆளைப் போட்டுடுவாங்க. அவரே சொல்லிட்டார், இனிமே போதும், வீட்டுல இருன்னு. வீட்டை விட்டு வெளிய வர எனக்கு இருக்கறது இந்த ஒரே வழி. இங்க இருக்கற நேரம்தான் நான் மூச்சு விடறேன். எப்படியாவது மறைச்சிடு பஞ்சு. உன் காலைப் பிடிச்சுக்கறேன்."

கதவு திறந்தது. அண்ணன் எப்போதும் தட்டிவிட்டு வருகிற ரகமில்லை. இரண்டு கையிலும் இரண்டு டீ.

"என் ரெண்டு பொம்பளைங்களுக்கும்" என்று மேஜையில் வைத்தான். கண் நேராக ராணியின் தாடைக்குப் போனது. அங்கிருந்து பஞ்சுவின் முகத்துக்கு வந்தது. "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா. சொன்னாளா?"

பஞ்சுவின் தலை தானாக ஆடியது.

"கேமராவுக்குத் தெரியக் கூடாது பாப்பா. உன் கைக்கு இது ஜுஜுபி." அவள் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனான். சைக்கிள் ஓட்டப் பழகும்போது விழுந்த அவளைத் தூக்கிவிட்டு இதே மாதிரிதான் தடவிக்கொடுத்தான். அந்தக் கை பட்டதும் பஞ்சுவுக்கு உடம்பு கூசியது. கூசியதை நினைத்து மனசு வலித்தது.

மறைத்தாள். வேறென்ன செய்வாள்? நீலத்தை அமுக்க முதலில் ஆரஞ்சு, அதன்மேல் தோல் நிறம், அதன்மேல் பவுடர். வேலை முடிந்தபோது அந்தத் தாடையில் ஒரு குறை சொல்ல முடியாது. தன் கைத்திறமையை நினைத்து அவள் வாழ்க்கையில் முதல்முறையாக வெட்கப்பட்டாள்.

ஷூட்டிங் தளத்தில் கோட்டையின் தர்பார் மினுமினுத்தது. ஒரு வழக்கம் சொல்ல வேண்டும். ஷாட் ஓடும்போது தளத்தின் இரும்புக் கதவு சாத்தப்பட்டு, அதன் மேலே சிவப்பு விளக்கு எரியும். டைரக்டர் 'கட்' சொல்லி அந்த விளக்கு அணைகிறவரை ஈ எறும்புகூட உள்ளே வரக்கூடாது, வெளியே போகவும் கூடாது. கதவின் உட்புறம் நிற்கும் காவலாளி அதில் மகா கண்டிப்பு. படம் எடுக்கிற முதலாளியையே ஒருமுறை வெளியே நிற்க வைத்தவர்.

"ராணி, சீன் ஒண்ணுமில்ல" என்றார் டைரக்டர். "பன்னெண்டு வருஷம் கழிச்சு தர்பாருக்கு வர்றீங்க. ராஜா பழைய ஞாபகத்துல கையை ஓங்குறான். நீங்க அந்தக் கையை அப்படியே பிடிச்சு நிறுத்துறீங்க. அவ்வளவுதான். தியேட்டரா இருந்தா விசில் பறக்கும்."

ராணி, மானிட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கதாசிரியரைப் பார்த்தாள். "சார், ஒரு சந்தேகம். இவ எப்படி மாறினா?"

"பன்னெண்டு வருஷம் போயிருக்கே. காலம் மாத்திடுச்சு."

"சிறையிலயேதானே சார் இருந்தா?"

கதாசிரியர் தலையைச் சொறிந்தார். "அதைக் காட்ட நேரமில்லைம்மா. ஜனங்களுக்கு மாறினா போதும். எப்படி மாறினான்னு யார் கேக்கப் போறா?"

அண்ணன் மோதிரங்களை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். சிவப்பு விளக்கு எரிந்தது. கேமரா ஓடியது.

கை உயர்ந்தது.

ராணி அதைப் பிடிக்கவில்லை. முழங்கைகளால் தலையை மூடிக்கொண்டு, உடம்பைச் சுருட்டித் தரையோடு தரையாக உட்கார்ந்துவிட்டாள். சிறையில் எத்தனையோ முறை அடி வாங்கியிருக்கிறாள். இப்படி ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை.

"என்ன ராணி இது? நீங்க பழைய ராணி இல்ல!" டைரக்டர் கத்தினார். "கேமரா ஓடட்டும், கட் பண்ணாதீங்க. மாஸ்டர், அப்படியே இன்னொரு தடவை!"

கை உயர்ந்தது. இந்த முறை அது முழுதாக மேலே போவதற்குள்ளேயே அவள் சுருண்டுவிட்டாள்.

"இன்னொண்ணு!"

மறுபடி. மறுபடியும். அண்ணனின் முகத்தில் சிரிப்பு மாறவே இல்லை. "சார், ஒரு பத்து நிமிஷம் குடுங்க" என்றான். "மேக்கப் ரூமுக்குக் கூட்டிட்டுப் போய்த் தனியா சொல்லிக்குடுத்துக் கூட்டிட்டு வர்றேன். நான் சொன்னா கேப்பா."

"அதுவும் சரிதான்" என்றார் டைரக்டர்.

தரையில் கிடந்த ராணி தலையைத் தூக்கினாள். டைரக்டரைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் பஞ்சு எங்கே என்று தேடினாள்.

"கட்!"

யார் சொன்னது என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டைரக்டரைத் தவிர அந்த வார்த்தையைச் சொல்ல அங்கே ஒருத்தருக்கும் அதிகாரம் கிடையாது. சொன்னது தன் வாய்தான் என்று பஞ்சுவுக்கே அப்புறம்தான் தெரிந்தது. கேமராமேன் டைரக்டரைப் பார்த்தார். அவர் வாயைத் திறக்காததால் கேமராவை நிறுத்தவில்லை.

"பாப்பா, என்ன? மேக்கப் கலைஞ்சிடுச்சா?" அண்ணனின் குரல் சர்க்கரையாக இருந்தது. கண் அப்படி இல்லை.

பஞ்சு அவனைத் தாண்டிப் போய் ராணியின் எதிரில் உட்கார்ந்தாள். அவள் கையில் எண்ணெயில் தோய்த்த பஞ்சு இருந்தது. அதை முகத்துக்குக் கொண்டுபோகவில்லை. அது அவள் செய்யக்கூடிய காரியம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. உள்ளங்கையில் வைத்து நீட்டினாள், அவ்வளவுதான்.

"உங்க இஷ்டம் அண்ணி" என்றாள் மெதுவாக. "வேண்டாம்னா மறுபடி பவுடர் போட்டுட்டுப் போயிடறேன். எதுன்னாலும் நான் உங்க பக்கத்துலதான் இருப்பேன்."

ராணி அந்தப் பஞ்சைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் விரல்கள் ஒருமுறை முன்னே வந்து, பின்னே போயின. அப்புறம் எடுத்துக்கொண்டாள். எழுந்து நின்றாள். தாடையை அழுத்தித் துடைத்தாள். பவுடர் போனது, தோல் நிறம் போனது, ஆரஞ்சு போனது. விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கருநீலம் மானிட்டரில் பெரிதாகத் தெரிந்தது.

"பஞ்சு!" டைரக்டர் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தார். "தலையில அடிச்சிக்கிட்டேனே, இன்னிக்குக் காயமே கூடாதுன்னு! இதை எதுக்குப் போட்டே?"

"இது நான் போட்டது இல்ல சார்" என்றாள் பஞ்சு.

டைரக்டர் மானிட்டரைப் பார்த்தார், ராணியைப் பார்த்தார், மோதிரம் போட்ட அந்தக் கையைப் பார்த்தார். கதாசிரியரின் கையிலிருந்த பேனா கீழே விழுந்து உருண்டது.

அண்ணன் ராஜாவின் மோதிரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மேஜையில் வைத்தான். பையிலிருந்து கார் சாவியை எடுத்தான்.

"குடும்பத்துக்குள்ள ஆயிரம் இருக்கும் சார், நாளைக்குப் பேசிக்கலாம்" என்றான். "பாப்பா, அண்ணியைக் கூட்டிக்கிட்டு வா. வீட்டுக்குப் போகலாம்."

பதிலுக்குக் காத்திராமல் கதவை நோக்கி நடந்தான். பஞ்சுவும் ராணியும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஒருத்தி கையை ஒருத்தி பிடித்திருந்தாள்.

கதவருகே காவலாளி நின்றிருந்தார். அண்ணன் தாழ்ப்பாளில் கை வைத்தபோது, அவர் தன் கையைக் குறுக்கே நீட்டினார். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

"ஷாட் ஓடுது மாஸ்டர்" என்றார் அவர். "டைரக்டர் இன்னும் கட் சொல்லல."